லேப் கம்ப்யூட்டருக்காக இனி உன்னைக் கூப்பிட மாட்டேன்

அருள் ஐயா,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் என் குரல் கொஞ்சம் கம்மினாலே, "என்னம்மா, சர்வர் நின்னுபோச்சா? செல்விகிட்டப் போனக் குடு" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, செல்வியிடம் போனை நீட்டிவிடுவேன். நமக்கு அப்படியே பழகிப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். சர்வர் நன்றாக ஓடுகிறது. பிரிண்டரும் ஓடுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இந்தக் கடிதத்தை நிதானமாகப் படிக்க மாட்டாய்.

உன் கல்யாணத்தன்று காலையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றி நீ இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. புதுக்கோட்டையில் மாதா கோயில் வாசலில் நாம் எல்லாரும் நின்றிருந்தோம். நீ கோட்டு சூட்டு போட்டு, காலர் இறுக்குகிறது என்று கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாய். அப்போது கீரனூரில் நம் லேபைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி எனக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் திறக்கவில்லை, திரை கறுப்பாக இருக்கிறது, காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றுக்குப் பிளேட்லெட் ரிப்போர்ட் கேட்டு டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கிறார் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. நேராக உன்னிடம் வந்து போனை நீட்டினேன். பக்கத்தில் நின்ற உன் அப்பா, "ஏம்மா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் அவன விடு. கையால எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

நீ கோயிலின் பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தாய். புதுக் கோட்டில் தூசி ஒட்டுமே என்று கர்ச்சீப்பை விரித்து அதன்மேல் உட்கார்ந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. செல்விக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "இப்ப எஸ் அடிங்கக்கா. ஸ்பேஸ் விடுங்க. இல்ல இல்ல, ஒரு ஸ்பேஸ்தான்." அதற்குள் பெண் வீட்டுக் கார் வந்துவிட்டது. பெனிட்டா இறங்கி வாசலில் நின்றாள். ஃபாதர் திருவுடை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பாடகர் குழு வருகைப் பாடலைத் தொடங்கிவிட்டு, மாப்பிள்ளையைக் காணோம் என்று தெரிந்ததும் நடுவில் நிறுத்தியது. பெனிட்டாவின் அப்பா என்னைப் பார்த்து, "சம்பந்தியம்மா, மாப்பிள்ளைய எங்கங்க காணோம்?" என்றார். "இந்தா வந்துட்டான், வந்துட்டான்" என்று சிரித்தேன். அந்தப் பிள்ளை பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், செண்டிலிருந்த ஒரு இலையைச் சரிசெய்துகொண்டே நின்றாள். நீ ஓடி வந்தபோது உன் நெற்றியெல்லாம் வேர்வை. போன் கோட்டுப் பையில் அப்படியே துருத்திக்கொண்டிருந்தது.

ஐயா, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னை அன்று கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ரத்தம் எண்ணும் மெஷின் நன்றாகத்தான் இருந்தது. எண்ணிக்கை அதன் சின்னத் திரையிலேயே வந்துவிடும். செல்வி அதைப் பார்த்து லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். மிஷன் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் கையால் எழுதித்தான் கொடுத்தோம். எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டரைச் சாயங்காலம் பார்த்துக்கொண்டிருக்கலாம், இரண்டு நாள் கழித்தும் பார்த்திருக்கலாம். இது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை உன்னிடம் நீட்டினேன். நம் லேபிலிருந்து கையால் எழுதிய ரிப்போர்ட் போனால் கௌரவக் குறைச்சல் என்று பட்டது. அதைவிட, அது கெட்டால் உன்னைக் கூப்பிடுவது என்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ காலேஜில் சேர்ந்த புதிதில் நம் லேபில் ஒரு திருச்சிக் கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? வருசா வருசம் சப்போர்ட்டுக்கு என்று பணம் கட்டுவோம். கெட்டுப்போய்க் கூப்பிட்டால், "கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சிருக்கு மேடம், ஆளு வருவாங்க" என்பார்கள். ஆள் வந்து சேருவதற்குள் நோயாளி குணமாகியே போய்விடுவார். ஒரு வருசம் பணம் கட்டத் தாமதமானதும் அவர்கள் அங்கிருந்தே பூட்டிவிட்டார்கள். நம் ஆட்களின் பழைய ரிப்போர்ட் எல்லாம் உள்ளே, நாம் வெளியே. சர்க்கரை போன மாசம் எவ்வளவு இருந்தது என்று கேட்டு வந்த பெரியவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் அழுததை நீ பார்த்தாய். அந்த வார லீவு முழுக்க நீ வெளியே போகவில்லை. லினக்ஸ் என்றாய், என்னென்னவோ இறக்கினாய். திங்கள்கிழமை காலையில் லேப் புதிதாக ஓடியது. "இது கட்டற்ற மென்பொருள்மா. யாரும் ஒன்னையப் பூட்ட முடியாது. தொறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்" என்று உட்கார வைத்து விளக்கினாய். நீ அவ்வளவு சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். இனாம்.

அதற்கப்புறம் நான் அடித்த தம்பட்டம் உனக்கே தெரியும். அன்னவாசலில் லேப் வைத்திருக்கும் அக்காவிடம், "நாங்க யாருக்கும் பத்துப் பைசா குடுக்குறதில்ல, எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்பேன். நாங்களே என்று சொன்னேனே, அதில் நான் எங்கே இருந்தேன்? நீதான் இருந்தாய். பேக்கப் எடுப்பது எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தாய். பழைய பேக்கப் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைந்துவிடும், அப்போது எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்று காட்ட ஆரம்பித்தாய். "கொழம்பு அடிபிடிக்கும்யா" என்று எழுந்து போய்விட்டேன். குழம்பு அடுப்பில் சிம்மில்தான் இருந்தது. பாஸ்வேர்டைச் சொன்னாய், "எனக்கெதுக்கு, செல்விகிட்டச் சொல்லு" என்றேன். கல்யாணத்தன்று அந்தக் கம்ப்யூட்டர் நின்றது எதனால் என்று பிறகு செல்வி சொன்னாள். டிஸ்க் நிறைந்து போனதால்.

"அப்ப திருச்சியில இதுக்குன்னே சப்போர்ட் பண்றவங்க இருக்காங்கம்மா, வருசத்துக்குப் பேசி விட்டுரலாம்" என்றும் நீ சொல்லிப் பார்த்தாய். "இனாமா வந்த சாமானுக்கு எதுக்குக் காசு?" என்று சண்டைக்கு வந்தேன். அதே நான், ரத்தம் எண்ணும் மெஷினுக்கு சர்வீஸ் கான்ட்ராக்ட் முடிந்த மறுநாளே புதுப்பித்துவிடுவேன். காலையில் முதல் ஆள் வருமுன் எண்ணிக்கை முன்பே தெரிந்த கன்ட்ரோல் ரத்தத்தை ஓட்டி, மெஷின் சரியான எண்ணிக்கை சொல்கிறதா என்று பார்க்காமல் ஊசியைத் தொட மாட்டேன். என் தொழிலில் எனக்கு அவ்வளவு சுத்தம். கம்ப்யூட்டர் மட்டும் வீட்டுப் பிள்ளை பார்க்கிற வேலை, அதற்குக் காசும் வேண்டாம், நான் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். உன் பரீட்சைக்கு முந்தின நாள் கூப்பிட்டிருக்கிறேன். நீ மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது, உன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டே பிரிண்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். நீ திருச்சிக்குக் குடிபோன பிறகு, நான் கூப்பிட்ட நேரமெல்லாம் கம்ப்யூட்டர் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் செல்வியே எடுத்துவிடுவாள். இருந்தும், "இரு, தம்பிகிட்டக் கேப்போம்" என்பேன். நலமா, சாப்பிட்டியா என்று கேட்டால் நீ இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். கம்ப்யூட்டர் என்றால் அரை மணி நேரம் பேசுவாய். பொறுமையாக, ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்வாய். நான் பாதியைக் கேட்காமல் உன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் நீ ஆபீசில் மீட்டிங்கை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதுமில்லை.

இதெல்லாம் எனக்கு உறைத்தது பெனிட்டாவால். அவள் குற்றம் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. போன மாசம் நீங்கள் வந்திருந்தபோது நீ அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் இறால் அலசிக்கொண்டிருந்தோம். ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரைச் சரக்கு, நீ கேட்டாய் என்று வாங்கியது. பேச்சு எங்கெங்கோ போய் வேலையில் வந்து நின்றது. "அப்பவே அவரு ஹைதராபாத் வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் பெரிய எடத்துல இருந்திருப்பாரு அத்தை" என்றாள். "ஊரு பிடிக்கலன்னுல்ல சொன்னான்?" என்றேன். அவள் கையை அலசாமல் நிமிர்ந்து பார்த்தாள். "லேபுக்காகத்தானே அத்தை போகல? ஏதாச்சும்னா ஒரு மணி நேரத்துல கீரனூருக்கு பஸ் ஏறிடணும்னாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஊர் பிடிக்கவில்லை என்று நீ சொன்ன அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. "நல்லதாப் போச்சு, பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனேன். பெனிட்டா அலசின இறாலைத் தட்டில் வடியவிட்டுவிட்டு, "அந்த ஹைதராபாத் கம்பெனிக்காரங்க இப்ப மறுபடியும் கேக்குறாங்க அத்தை. இந்தத் தடவையும் வேண்டாம்னுதான் சொல்லப் போறாரு" என்றாள். அன்று குழம்பில் உப்புக் கூடுதலாகிவிட்டது என்று அப்பா சொன்னாரே, அது அதனால்தான்.

நீங்கள் கிளம்பிப் போன வாரத்திலேயே விசாரித்து ஒரு ஆளைப் பிடித்தேன். கௌசல்யா என்று பெயர். திருச்சியில் இருந்துகொண்டு இந்தக் கட்டற்ற மென்பொருளை வைத்திருக்கும் பள்ளிக்கூடம், சின்ன ஆஸ்பத்திரி இவற்றுக்கெல்லாம் பராமரிப்புப் பார்க்கிறவள். பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் பழைய புத்தி போகாமல், "சாஃப்ட்வேரு இனாந்தானேம்மா, அதுக்கு வருசப் பணம் எதுக்கு?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபமே வரவில்லை, தினமும் கேட்கிற கேள்வி போல. "சாஃப்ட்வேர் இனாம்தான் மேடம். நான் இனாம் இல்லீங்க" என்றாள். முன்னே ஒரு கம்பெனி பூட்டிவிட்டுப் போன கதையைச் சொன்னேன். "என்னால அப்படிப் பூட்ட முடியாது. எல்லாம் ஒங்க பெட்டியில, ஒங்க கையில இருக்கு. நான் சரியில்லன்னா என்னைய நிறுத்திட்டு வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கலாம். அதுக்குத்தான ஒங்க பையன் இதப் போட்டுக் குடுத்தாரு?" என்றாள். நீ அத்தனை வருசம் முன்னால் உட்கார வைத்துச் சொன்னது அதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பூட்டு இல்லை என்றால் சாவி வைத்திருக்கும் பிள்ளை ஒருவனே ஆயுசுக்கும் காவல் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கண்டிப்பு வைத்தாள். பேக்கப், டிஸ்க் பார்ப்பது, நின்றுபோனால் மறுபடி கிளப்புவது, இந்தச் சில்லறை வேலையெல்லாம் நானும் செல்வியும் செய்ய வேண்டும். எங்களால் முடியாததற்கு மட்டும்தான் அவளைக் கூப்பிட வேண்டும். சம்மதித்தேன். உட்கார்ந்து கற்றேன். கீபோர்டில் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தேன். நீ காட்டியபோது எழுந்து போனேனே என்று ஒவ்வொரு எழுத்துக்கும் தோன்றியது.

அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கௌசல்யா திரையைக் காட்டி, "மேடம், இது யாரு நம்பர்?" என்று கேட்டாள். உன் நம்பர். "விடியக் காலையில தினமும் இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போயிட்டிருக்கு. பேக்கப் ஆச்சா, டிஸ்க்குல எடம் இருக்கா, எல்லாம் நல்லா இருக்கான்னு. ஆரம்பத்துலேருந்தே போவுது போல" என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் கண் முழித்ததும் பல்லுகூட விளக்காமல் போனை எடுத்துப் பார்ப்பாய். நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! "எந்திரிச்சதும் சிலுவை போடாம அதுல அப்படி என்னதான் இருக்கோ" என்று பெனிட்டா முன்னாலேயே கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாய். அதில் இருந்தது என் லேப். காமாலையில் படுத்திருந்த காலையிலும் இருந்திருக்கிறது. கல்யாண அலைச்சலில் அந்த ஒரு வாரம்தான் நீ பார்க்காமல் விட்டிருப்பாய் போல, அதில்தான் டிஸ்க் நிறைந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து நீங்கள் கொடைக்கானல் போனீர்களே, அந்தக் காலையிலும்.

போன வாரம் ஒரு நாள் நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. லேபில் பெஞ்சு நிறைய ஆட்கள். என் கை தானாகப் போனுக்குப் போனது. உன் பெயரைத் தொடப் போய் எடுத்துவிட்டேன். செல்வியிடம், "லெட்டர்பேட எடுடி, எழுதுவோம்" என்றேன். மெஷினைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "என்னங்கம்மா, பிரிண்டு கெடையாதா?" என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். "கம்ப்யூட்டர் இல்லீங்க, ஆனா கணக்கு சரியா இருக்கும்" என்றேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூட்டம் குறைந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கிளப்பிப் பார்த்தோம். ஏதோ தப்பாக அடித்தேன் போல, இன்னும் மோசமானது. கௌசல்யாவைக் கூப்பிட்டேன். அவள் போனிலேயே வழி சொல்ல, மத்தியானத்துக்குள் திறந்துவிட்டது. பழைய ரிப்போர்ட் எல்லாம் இருந்தன. செல்வி கை தட்டினாள். எனக்குச் சந்தோசம் வந்தது, அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா என் பிள்ளையை இத்தனை காலம் ஒரு மணி நேரத் தூரத்திலேயே உட்கார வைத்தேன்?

அம்மாக்கள் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீ எல்லாருக்கும் செய்து கொடுக்கிறவன். நாளைக்கு உன் ஆபீசிலும், பெனிட்டா வீட்டிலும், உன் பிள்ளைகளும் உன்னிடம் வந்து கேட்பார்கள். செய்து கொடு. ஆனால் அவர்கள் குழம்பு அடிபிடிக்கும் என்று எழுந்து போனால், கையைப் பிடித்து உட்கார வை. என்னை நீ உட்கார வைக்கவில்லை. அம்மாதானே என்று விட்டுவிட்டாய். உன் பாசத்தைக் குற்றம் சொல்லவில்லை. அதை நான் இனாம் கணக்கில் எழுதிக்கொண்டேன் என்று சொல்கிறேன். பெனிட்டாவிடம் ஒரு மன்னிப்பு நேரில் கேட்க வேண்டும். கோயில் வாசலில் அவளை ஒற்றையாக நிற்க வைத்தது நான்தான், நீ இல்லை என்று அவளுக்கு நானே சொல்கிறேன். நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

ஹைதராபாத்துக்குச் சரி என்று சொல்லிவிடு. என்னிடம் வந்து கேட்காதே. கேட்டால் நான் வாய் தவறி, "ஏன்யா, இங்கிட்டு இல்லாத வேலையா?" என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன், என்னை நான் நம்பவில்லை. அப்பா சம்மதம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூப்பிடு. என்ன சமைத்தீர்கள், மழை பெய்ததா, பெனிட்டா அம்மா எப்படி இருக்கிறார்கள், இதையெல்லாம் பேசு. இரண்டு வார்த்தையில் முடித்தாலும் சரி. நான் அதில் பழகிக்கொள்கிறேன்.

இன்னொரு விசயம், இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன். விடியக் காலை மெசேஜ் போகிற அந்த நம்பரை மாற்றச் சொல்லிக் கௌசல்யாவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு மாற்றினால் போதும், முன்னாடி மாற்றினால் பயந்துவிடுவாய் என்று காத்திருக்கச் சொன்னேன். படித்ததும் பெனிட்டாவை விட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல். அதற்கு மறுநாள் விடியக் காலையில் உன் போனில் ஒன்றும் வராது. லேப் நின்றுபோச்சு என்று பதறி எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதே. அது என் போனுக்கு வந்திருக்கும். நான் எழுந்து பார்த்திருப்பேன்.

நீ தூங்கு, ஐயா.

உன் அம்மா